கையிருப்பில் ஒரு வலது கை

நெகிழ் பலபடிச் செயற்கைத் தசை மற்றும் இயந்திர மனித உறுப்பு மேம்பாட்டு உயர் ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். பலகை வாயிற்கதவைவிட நீளம். கடைசி இரண்டு எழுத்துகள் மதிலைத் தாண்டிப் பக்கத்து மனைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு எழுத்துக்காகப் பக்கத்து மனைக்காரர் போட்ட வழக்கு ஆறு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. நிலையம் தொடங்கி ஏழு வருஷம். அதுவரை அங்கே உருப்படியாக நீண்டது அந்தப் பலகை ஒன்றுதான். தெருவில் எல்லாரும் அதை ரப்பர் ஆபீஸ் என்றார்கள்.

அந்த ரப்பர் ஆபீசுக்குத்தான் கையுறைக்காரர் வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வருஷம் கையுறை ஆலையில் இருந்ததால் வந்த பெயர் அது. ஆலையில் ஓடும் சங்கிலியில் பீங்கான் கைகளை வரிசையாக மாட்டியிருப்பார்கள். அவை ரப்பர் பாலில் முங்கி எழுந்து, சூட்டறைக்குள் போய் வெளியே வரும். ஒவ்வொரு கையிலிருந்தும் உறையை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது அவர் வேலை. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. விரலால் தடவியே தடிமன் சொல்லிவிடுவார். ஒரு நாள் ஆலையை மூடிவிட்டார்கள்.

அவர் மனைவி தையல்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. பிறகு காலுக்கு நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. பேச்சு முன்பைவிடக் கூர்மையாகவே திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் மடங்க மறுத்தன. விரித்த கை விரித்தபடி நின்றது. தையல் இயந்திரத்துக்கு உறை போட்டு மூடியாயிற்று. செய்தித்தாளில், நிலையத்தின் வேலை விளம்பரத்தில், 'செயற்கைத் தசை' என்ற சொல்லைப் பார்த்த அன்றைக்கே அவர் விண்ணப்பம் எழுதினார்.

"ஏங்க, தசை செய்யற இடம்னா, கேட்டா ஒரு கைக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர்; எதைக் கேட்டாலும் அது ஏற்கெனவே தனக்குத் தெரியும் என்பதுபோலக் கண்ணை மூடித் திறக்கும் மனிதர். அவருக்குப் பக்கத்தில் நிர்வாக அதிகாரி. எதையும் எழுதிவைத்த பிறகே நம்புகிறவர்.

"தசையைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணும் தெரியாதுங்க. ரப்பர் தெரியும்."

"கையைப் பத்தி?"

"இருபத்திரண்டு வருஷமா கைதாங்க. ஒரு நாளைக்கு எட்டாயிரம் கை பாப்பேன்."

நிர்வாக அதிகாரி எழுதினார்: 'மனிதக் கரங்களில் ஆழ்ந்த அனுபவம்.' அடுத்த வாரமே வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது.

நிலையத்தில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். தசை செய்தவர் ஒருவர். மிச்சமுள்ளவர்களில் பாதிப் பேர் அவரை மேற்பார்வை பார்த்தார்கள். இன்னொரு பாதி அந்த மேற்பார்வை சரியாக நடக்கிறதா என்று பார்த்தது. அந்த ஒருவர் ஒரு பெண் பொறியாளர். பின்கட்டில், தூசி புகாதபடி அடைத்த ஒரு சின்ன அறையில், தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு குனிந்தே இருப்பார். கையுறைக்காரரை முதல் நாளே "அண்ணே" என்று கூப்பிட்டு வேலையைக் காட்டினார்.

"இது மெல்லிசான ரப்பர் படலம். ரெண்டு பக்கமும் கரிப்பசை பூசறோம். மின்சாரம் குடுத்தா ரெண்டு கரியும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். நடுவுல மாட்டின ரப்பர் நசுங்கும். இப்படி நூத்துக்கணக்குல அடுக்கினா மொத்த அடுக்கும் சுருங்கும். மின்சாரத்தை நிறுத்தினா பழையபடி நீளும். இவ்வளவுதான் அண்ணே தசை."

"படலத்துல ஓட்டை இருந்தா மேடம்?"

"பொறி பறக்கும். மூணு மாச வேலை கருகிப் போயிடும். அதுதான் ஏழு வருஷமா நடக்குது."

"ஓட்டையை என்கிட்ட விடுங்க" என்றார் அவர்.

அவருக்கு இரண்டே நாளில் வேலை பிடிபட்டது. நிலையம்தான் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

முதலில் அந்த இருநூறு சதவீதம். திட்டத்தின் தொடக்க விழாவில் இயக்குநர் பேசும்போது, "உலகத்துச் செயற்கைத் தசைகள் எல்லாம் இருபது சதவீதம் சுருங்குகின்றன. நம் தசை இருநூறு சதவீதம் சுருங்கும்!" என்று முழங்கிவிட்டார். நான்கு நிமிடம் கைதட்டினார்கள். கைதட்டலோடு சேர்த்து அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறி, இலக்காகவே ஆகிவிட்டது. பொறியாளர் பணிவாக ஒரு கடிதம் எழுதினார். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பொருள் நூறு சதவீதம் சுருங்கினால் அது இல்லாமலே போய்விடும். இருநூறு சதவீதம் சுருங்க வேண்டுமானால் இல்லாமல் போன பிறகும் இன்னும் பத்து சென்டிமீட்டர் சுருங்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்.

அதை ஆராயக் குழு போட்டார்கள். குழு மூன்று முறை கூடியது. மூன்றாவது கூட்டத்தில் கையுறைக்காரரும் மூலையில் நின்றார், படத்தாளை விரித்துப் பிடிக்க.

"இல்லாமப் போறதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாராவது போய்ப் பாத்திருக்காங்களா?" என்று கேட்டார் இயக்குநர். எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். "பாத்ததையே திரும்பப் பாக்கறதுக்கு ஆராய்ச்சி நிலையம் எதுக்கு? கண்ணாடி போதுமே. எனக்குக் கணக்கு வராதுன்னு சின்ன வயசுலயே சொல்லுவாங்க. கணக்கு வந்திருந்தா நான் இருபதோட நின்னிருப்பேன். இவ்வளவு பெரிசா யோசிச்சிருக்க முடியாது."

பொறியாளரின் கடிதத்தில் 'எதிர்மறை அணுகுமுறை' என்று எழுதி, கோப்பில் கட்டினார்கள்.

பிறகு கத்தரிக்கோல். படலத்தை வெட்ட நல்ல கத்தரிக்கோல் ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். கொள்முதல் குழு, அது இடக்கையாலா வலக்கையாலா இயக்கப்படும், இயந்திர மனிதன் வந்த பிறகும் அதற்குத் தேவை இருக்குமா என்று விளக்கம் கேட்டது. கையுறைக்காரர் பதில் எழுதிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து மனைவியின் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். கனமான இரும்பு, துணியை வெண்ணெய்போல வெட்டும்.

ஏழு மாதம் போயிற்று. அவர் ஒவ்வொரு படலத்தையும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, பத்தில் ஏழைத் தள்ளினார். மிச்ச மூன்றில் கரிப்பசையைப் பூசி அடுக்கினார்கள். ஒரு பிற்பகல், சுண்டுவிரல் பருமனில் ஒரு துண்டு தயாரானது. பொறியாளர் அதை மேலே தொங்கவிட்டு, கீழ்முனையில் எதைக் கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு அகப்பட்டது கத்தரிக்கோல்தான். விசையைத் தட்டினார்.

பொறி பறக்கவில்லை. புகை வரவில்லை. கத்தரிக்கோல் மேசையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பி, அப்படியே நின்றது. விசையை அணைத்தார், மெதுவாக இறங்கியது. மறுபடி தட்டினார், மறுபடி எழும்பியது. ஐம்பது தடவை செய்து பார்த்தார்கள். ஐம்பது தடவையும் அது அலுக்காமல் எழும்பி இறங்கியது. கையுறைக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

அதன் பிறகு அவர் தனக்குத் தெரிந்த வேலைக்குத் திரும்பினார். மெல்லிய ஒரு கையுறை வார்த்து, உள்ளங்கைப் பக்கம் விரலுக்கு ஒன்றாக ஐந்து தசைத் துண்டுகளைப் பதித்தார். முழங்கையில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு விசை. கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பொறியாளர் கேட்டார்:

"இது யாரோட கை அளவு அண்ணே?"

"வீட்டுல."

பொறியாளர் கட்டைவிரல் துண்டை மட்டும் ஒரு நூல் அளவு நகர்த்தி ஒட்டினார். "கட்டைவிரல் சரியா வந்தாத்தான் பிடி நிக்கும்" என்றார்.

அறிக்கை இயக்குநரிடம் போனது: பதினெட்டு சதவீதச் சுருக்கம், ஐந்து விரலும் மடங்குகின்றன, பழுதில்லை. இயக்குநர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். நிர்வாக அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பதினெட்டு" என்றார் இயக்குநர். "இலக்கு இருநூறு. மிச்சம் நூத்து எண்பத்திரண்டு எங்க?"

"சார், உண்மையான தசையே அவ்வளவுதான்..." என்று தொடங்கினார் பொறியாளர்.

"எங்கன்னு கேக்கறேன். யார் எடுத்தது?"

நிர்வாக அதிகாரி, 'நூற்று எண்பத்திரண்டு பற்றித் திருப்திகரமான விளக்கம் இல்லை' என்று எழுதிக்கொண்டார். கையுறையை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, நிலையத்துக்கு மேலே இருக்கும் வாரியத்தின் தலைவர் ஒன்பது நாளில் வருகிறார், இயந்திர மனிதனோடு கைகுலுக்க விரும்புகிறார் என்று தகவல் வந்தது. இயந்திர மனிதன் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. உள்ளே வெறுங்கூடாக இருந்த, ஆளுயரப் பிளாஸ்டிக் உருவம். முகத்தை இயக்குநரின் சாயலில் செய்வதற்கு நான்கு வருஷம் ஆகியிருந்தது. கைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. வலது தோளில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தது.

"நம்ம உறையை ஒரு சட்டத்துல மாட்டி அங்க பொருத்தலாம் சார். விரல் மடங்கும். கைகுலுக்கும்" என்றார் பொறியாளர்.

"பதினெட்டை மேடையேத்தினா நூத்து எண்பத்திரண்டைப் பத்திக் கேப்பாங்க. அங்கீகரிக்காத தசையை வெளிய காட்ட முடியாது" என்றார் இயக்குநர்.

நிர்வாக அதிகாரியின் பார்வை மெல்ல நகர்ந்து கையுறைக்காரரின் வலது கையில் வந்து நின்றது.

விஷயம் விளங்கியதும் கையுறைக்காரர் தயங்கினார். "பொய் இல்லீங்களா இது?"

"பொய்யா?" நிர்வாக அதிகாரிக்கு மெய்யாகவே வருத்தமாகிவிட்டது. "உங்க கையில தசை இருக்கா?"

"இருக்குங்க."

"வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"நீங்க நிலையத்து ஆள்தானே?"

"ஆமாங்க."

"அப்ப அது நிலையத்துத் தசை. இதுல பொய் எங்க வந்துச்சு?"

வேலை போனால் பின்கட்டு அறையும் போகும், அறை போனால் கையுறையும் போகும் என்பது கையுறைக்காரருக்குத் தெரியும். சரி என்றார்.

விழா நாளில் காலை எட்டு மணிக்கே அவரைப் பிளாஸ்டிக் உருவத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். வலது கைக்குச் சாம்பல் நிற ரப்பர் உறை. அதையும் அவரே வார்த்திருந்தார். தோள் ஓட்டை வழியாகக் கை வெளியே தொங்கியது. பதினொன்றரை மணிக்கு வாரியத் தலைவர் வந்தார். ஏழு பேர் வரவேற்றுப் பேசினார்கள். பிறகு அவர் இயந்திர மனிதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குலுங்கியது. அரங்கம் ஆர்ப்பரித்தது.

"சூடா இருக்கே!" என்றார் தலைவர்.

"உடல் வெப்பத்தை எட்டிட்டோம் சார்" என்றார் இயக்குநர்.

"உறைக்குள்ளேருந்து ஏதோ சொட்டுதே. ஈரம்."

"வியர்வை சார். மூணாம் கட்டத்துலதான் திட்டமிட்டிருந்தோம். முன்னாடியே வந்துடுச்சு."

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. புறங்கையை நறுக்கென்று கிள்ளினார். உருவத்துக்குள்ளிருந்து "அய்யோ!" என்று ஒரு குரல் கேட்டது.

நிர்வாக அதிகாரியின் பேனா பாதி எழுத்தில் நின்றது.

"குரல் வசதியும் இருக்கா?" என்றார் தலைவர்.

"தேவைப்படும்போது மட்டும் சார்" என்றார் இயக்குநர், கண்ணை மூடித் திறந்து.

தலைவர் நெகிழ்ந்துபோய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "எனக்கு இந்தத் துறை புரியாது. எந்தத் துறையும் புரியாது. அதனால்தான் எல்லாத் துறைக்கும் என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்வேன். மனிதர்களோடு எவ்வளவோ கைகுலுக்கியிருக்கிறேன். ஒருவர் கையிலும் இவ்வளவு உயிர் இருந்ததில்லை!"

போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு அருமையான கையைப் பத்திரமாக வைத்திருங்கள், முறைப்படி கையிருப்பில் சேருங்கள் என்று. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நிர்வாக அதிகாரி எழுதிக்கொண்டார்.

மறுநாள் கையுறைக்காரரின் வலது கை, நிலையத்தின் கையிருப்புப் பதிவேட்டில் ஏறியது. வரிசை எண் 4417. பொருள்: கை, வலது, ஒன்று. நிலை: நன்று. அழியாத மையால் மணிக்கட்டில் எண்ணையும் எழுதினார்கள். மை காயும் வரை ஊதிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அவரும் ஊதினார்.

அன்று மாலை வாசலில் காவலர் அவரை நிறுத்தினார்.

"இந்தக் கைக்கு அனுமதிச் சீட்டு எங்க?"

"என்னோட கைங்க இது."

காவலர் மணிக்கட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "4417. நிலையத்துச் சொத்து. சீட்டு இல்லாம வெளிய கொண்டு போறதுக்கு என்ன பேர் தெரியுமா? கையாடல்."

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு இயக்குநரின் கையெழுத்து வாங்கிய பிறகே அவர் கையை வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது. காலையில் திருப்பி ஒப்படைத்துவிட்டுப் பத்து முதல் ஐந்து வரை, பார்வையாளர்களோடு கைகுலுக்க, உருவத்துக்குள் நிற்க வேண்டும். நிலையப் பணி தவிர வேறெதற்கும் கையைப் பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பராமரிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வாரம் ஒருமுறை வந்து முழங்கையில் மசகு எண்ணெய் போட்டார்கள். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் கண்டது. விடுப்புக் கேட்டபோது, "உங்களுக்கு விடுப்பு உண்டு, கைக்குக் கிடையாது" என்று பதில் வந்தது. காய்ச்சலோடு வந்து நின்றார். அன்றைக்குக் கை வழக்கத்தைவிடச் சூடாக இருப்பதாகப் பார்வையாளர்கள் பாராட்டினார்கள்.

வீட்டிலும் அவர் பயந்து பயந்து இடது கையாலேயே சாப்பிட்டார். மனைவி எதிரில் உட்கார்ந்து, அவளும் இடது கையால் சாப்பிட்டபடி அவரைப் பார்த்தாள்.

"எனக்குக் கை வாங்கிட்டு வர்றேன்னு போனீங்க. உள்ளதையும் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. இப்ப நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு இடது கை."

"உன் உறை தயாரா இருக்கு. அதை வெளிய கொண்டு வர வழிதான்..."

"உங்க கையையே வெளிய கொண்டு வர வழியில்லை. இதுல என் கைக்கு வழி பாக்கறாராம்."

அதற்குள் அளவீட்டுக் குழு வந்தது. இருநூறு சதவீதம் எட்டப்பட்டதா என்று சான்று தர வேண்டுமே. அளவு நாடாவை வைத்துக்கொண்டு ஐந்து பேர் அரை நாள் திண்டாடினார்கள். கையை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள். எப்படி மடக்கினாலும் இருநூறு வரவில்லை. கடைசியில் குழுவில் மூத்தவர் ஒருவருக்கு யோசனை உதித்தது.

"கையை முதுகுக்குப் பின்னால கொண்டு போங்க."

கையுறைக்காரர் கொண்டுபோனார்.

"இப்போ கை தெரியுதா?" என்று மூத்தவர் கேட்டார். எதிரே நின்ற நாலு பேரும் தெரியவில்லை என்றார்கள். "நூறு சதவீதம். இன்னும் தள்ளுங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். இடது இடுப்புக்குப் பக்கத்தில் நான்கு விரல்நுனிகள் எட்டிப் பார்த்தன.

"அந்தப் பக்கம் வந்துடுச்சு! இருநூறு!"

ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். இயக்குநர் சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட்டனுப்பினார். "இல்லாமப் போறதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அன்னிக்கே கேட்டேன். விரல் இருக்காம்" என்றார்.

தசை கிடைத்துவிட்டதால் தசை ஆராய்ச்சி தேவையில்லை என்று முடிவானது. பின்கட்டு அறையைப் பூட்டி முத்திரை வைக்க உத்தரவு போட்டார்கள். பொறியாளரை நூலகத்தில் புத்தகங்களுக்குத் தூசி தட்டி எண் ஒட்டும் பணிக்கு மாற்றினார்கள். கையுறையை என்ன செய்வது என்று அவர் நிர்வாக அதிகாரியிடம் கேட்டார்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "இப்படி ஒரு பொருளே இல்லையே."

"கையிலேயே வெச்சிருக்கேன் சார். இதோ, விரல் மடங்குது பாருங்க."

"மடங்கட்டும். எண் இருக்கா?"

"இல்லை."

"எண் இல்லாத பொருளை வெச்சிருக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பதிவேட்டில் இல்லைன்னா இல்லை." அவர் மெய்யான அக்கறையோடு சொன்னார்: "இல்லாததைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்கம்மா."

பொறியாளர் அன்றைக்கே வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. இருநூறு சதவீதத்துக்காக இயக்குநருக்கு வெளிநாட்டில் ஒரு விருது அறிவித்திருந்தார்கள். மதியமே விமானம் ஏறிவிட்டார். திரும்பி வரப் பத்து நாள் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் கையுறைக்காரர் சீட்டோடு போய் நின்றபோது அறை பூட்டிக் கிடந்தது.

வாசலில் காவலர் கையை விரித்தார். நிர்வாக அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்து வந்து, நிலைமையைக் கேட்டு, நெடுநேரம் யோசித்தார்.

"இயக்குநர் கையெழுத்து இல்லாம கை போக முடியாது. அதுல மாத்தமில்லை" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஆனா உங்களை யாரும் தடுக்கலை. உங்க மேல நிலையத்துக்கு எந்த உரிமையும் இல்லை. நீங்க தாராளமா வீட்டுக்குப் போங்க. கை இருக்கட்டும்."

"கையை விட்டுட்டு நான் எப்படிங்க போறது?"

"அது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

சொல்லிவிட்டு அவர் தன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கையுறைக்காரர் வாயிற்கதவுக்குள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். பத்து நாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தில் கையை ஓங்கலாமா, அதற்கும் சீட்டு வேண்டுமா என்று ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. இடது கையால் மனைவிக்குப் போன் போட்டார்.

"நான் வரலைம்மா. கையை விட மாட்டேங்கறாங்க."

"அங்கேயே இருங்க. வர்றேன்" என்றாள்.

அவள் பஸ் பிடித்து வந்து இறங்கியபோது, பொறியாளர் தன் பையோடு வாசலுக்கு வந்திருந்தார். காவலர் பையைத் திறந்து பார்த்தார். ஒரு தண்ணீர் பாட்டில், வலைத்தொப்பி, கத்தரிக்கோல், கையுறை. கையுறையை எடுத்து எண் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினார்.

"இது இல்லவே இல்லை" என்றார். "இல்லாத பொருளை நான் எப்படிப் பிடிக்க முடியும்? கொண்டு போங்க."

பொறியாளர் வெளியே வந்து, தெருவில் நின்றிருந்த தையல்காரியின் விரித்த கையில் உறையை மாட்டினார். விரல் விரலாக இழுத்துவிட்டார். பெட்டியை முழங்கையில் கட்டினார். அளவு கச்சிதமாக இருந்தது. கையுறைக்காரர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இந்த விசையை இடது கையால தட்டுங்க அக்கா."

தட்டினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் அசைந்தது. மோதிர விரல், நடுவிரல், ஆட்காட்டி விரல் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. கட்டைவிரல் கடைசியாக வந்து அவற்றின் மேல் படிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் தன் மூடிய கையைப் பார்த்தாள். விசையை அணைத்தாள், விரல்கள் விரிந்தன. பெரிய கதவின் ஓரத்தில் திறந்திருந்த சின்னத் திட்டிவாசலுக்குள் கையை அப்படியே நீட்டினாள்.

"கையைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் மறுபடி விசையைத் தட்டினாள். விரல்கள் அவர் மணிக்கட்டின் மேல், நாலாயிரத்து நானூற்றுப் பதினேழின் மேல், மெல்ல மூடி இறுகின.

"சின்னக் கதவு திறந்துதானே இருக்கு? வாங்க" என்று சொல்லி, அவரைத் திட்டிவாசல் வழியாக ஓர் இழு இழுத்தாள். அவர் தெருவுக்கு வந்துவிட்டார்.

காவலர் பதறி எழுந்தார். "அய்யய்யோ! கை போகுது! யாரு கொண்டு போறது அதை?"

"நான் கொண்டு போகலைங்க" என்றார் கையுறைக்காரர். அது உண்மைதான்.

"அவங்களும் கொண்டு போகலை. அவங்க விரலுக்கு மடங்கற சக்தி கிடையாது. வேணும்னா மருத்துவச் சான்று காட்டுவாங்க" என்றார் பொறியாளர். "இழுத்தது அந்த உறை. பதிவேட்டுல பாருங்க."

காவலர் பதிவேட்டைத் திறந்தார். இப்போதுதான் தேடினோம் என்பது நினைவுக்கு வந்து மூடினார். மறுபடி திறந்தார். அவர் நிமிர்ந்தபோது மூவரும் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். பிடி இன்னும் விடவில்லை.

காவலர் நேர்மையான மனிதர். வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார்: 'மாலை ஆறு பத்து. 4417 வெளியே சென்றது. கொண்டு சென்றவர்: எவருமில்லை. பயன்படுத்திய பொருள்: ஏதுமில்லை.'

பத்து நாள் கழித்து, விருதும் மாலையுமாகத் திரும்பிய இயக்குநர் அதைப் படித்தார். கண்ணை மூடித் திறந்தார். எவரும் கொண்டுபோகவில்லை, எதுவும் தூக்கவில்லை; கை தானாகவே புறப்பட்டுப் போயிருக்கிறது. அன்று மாலையே வாரியத் தலைவருக்குக் கடிதம் போனது: 'நம் கை தன்னிச்சையாக முடிவெடுத்து இடம்பெயரும் நிலையை எட்டிவிட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் அதற்குக் கால்கள் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.'

தலைவர் பாராட்டி எழுதினார். தானாகப் போன கை தானாகத் திரும்பியும் வரும் என்று எதிர்பார்த்து, அதை வரவேற்க ஒரு குழு அமைக்கச் சொன்னார். அமைத்தார்கள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை மூன்று பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் கை வருகிறதா என்று பார்க்கிறார்கள். இதுவரை வந்த கைகள் எல்லாவற்றோடும் ஆள் இருந்ததால், ஒன்றையும் அவர்கள் உள்ளே விடவில்லை.